பட்டியலில் நாலாவது பெயர்

ஏப்ரல் 27, ஞாயிறு

புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி இது. நாலு மாதமாக பீரோ மேல் சும்மா கிடந்தது. டைரி எழுதுகிற வழக்கமெல்லாம் எனக்கு இல்லை. பம்ப்செட் மோட்டாரை முழு பாரத்தில் ஓட்டிவிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் சூடு பார்த்து, தேதி போட்டு ரிப்போர்ட் எழுதுகிற வேலை என்னுடையது. இருபத்தெட்டு வருஷமாகச் செய்கிறேன். இதையும் அப்படித்தான் எழுதுவேன்.

இன்று யுகேந்திரனின் கம்ப்யூட்டரைப் போட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த அறைக்குள் என் மனைவி பூங்கொடி மட்டும்தான் போவாள், கூட்டுவதற்கு. கடவுச்சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. நல்ல அப்பன்.

திரை வந்ததும் ஒரு அரட்டைக் குழு தானாகத் திறந்தது. கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது, படம் காட்டுகிற கார்டு. கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் அதை முடுக்கிவிட்டு, ஒரு சோதனை ஓட்டம் ஓட்டி, வந்த மார்க்கைப் பட்டியலில் போட்டுக்கொள்ளும் பையன்கள். மொத்தம் இருபத்து மூன்று பேர், எல்லோரிடமும் ஒரே மாடல் கார்டு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லையாம். நாலாவது இடத்தில் யுகேந்திரன். 14,208. மார்ச் 1.

பட்டியலைப் பார்த்துக்கொள்வது தூத்துக்குடிப் பையன் ஒருவன், பெயர் பெலிக்ஸ். மூன்று நாள் முன்பு அவன் எழுதியிருந்தான்:

“ஏல யுகி, எங்கல போன? மே முப்பதுக்குள்ள புது ஓட்டம் ஒண்ணு போடு. தொண்ணூறு நாள் தாண்டிச்சுன்னா பேர தூக்கிருவேன், பாத்துக்க. ஓடுற கார்டு மட்டுந்தான் பட்டியல்ல இருக்கணும். கம்மியா வந்தாலும் பரவால்ல, தேதி மட்டும் மாறும், பழைய மார்க்கு அப்படியே நிக்கும்.”

விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் விசைப்பலகையில் கை வைத்தேன். வந்தது வேறு. “போடுகிறேன்.” என்று எழுதிவிட்டேன்.

உடனே பதில்: “ஹப்பா, உயிரோட இருக்கியால!”

திரையை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். ரேஷன் கார்டில் பெயர் எடுத்தாயிற்று. காலேஜில் எடுத்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் மட்டும் இன்னும் இருக்கிறது. அது போகக்கூடாது.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஓட்டினேன். அந்த நேரத்தில்தான் எங்கள் லைனில் வோல்டேஜ் ஆடாமல் நிற்கும். அவன் வைத்துவிட்டுப் போன செட்டிங் அப்படியே. அறைச் சூடு 27. கார்டு 84 டிகிரிக்குப் போனது, திரையில் கலர் கலராகக் கட்டம் வந்தது, கறுத்துப்போய் நின்றுவிட்டது.

மூன்று தரம். மூன்று தரமும் அதே 84.

செட்டிங்கைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஆனால் அவன் உபயோகித்த மென்பொருளில் செட்டிங்கைச் சேமிக்க ஐந்து கட்டங்கள் இருக்கின்றன, முதல் கட்டத்தில் அவன் சேமித்தது இருக்கிறது. சிப்பின் வேகத்துக்கு கோர் +135, நினைவகத்தின் வேகத்துக்கு மெமரி +900, விசிறி எந்தச் சூட்டில் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கையால் இழுத்து வளைத்த ஒரு கோடு. ஒரு கிளிக் தவறி விழுந்தால் அதன்மேல் என்னுடையது ஏறிவிடும். அவன் கையை அழிக்க நான் தயாரில்லை. வேறு மென்பொருள் பார்க்கிறேன். அவனுடையது அவன் விட்டபடி இருக்கட்டும்.

மே 1, வியாழன்

மே தினம், கம்பெனி லீவு. நாள் முழுக்க மென்பொருள் தேடினேன்.

கார்டு கம்பெனிக்காரனின் சொந்த மென்பொருளை முதலில் இறக்கினேன். திறந்தவுடன் ஈமெயில் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. பிறகு கார்டில் விளக்கு எந்தக் கலரில் எரிய வேண்டும் என்று கேட்டது. கல்யாண மண்டபமா நடத்துகிறேன்? எடுத்துப் போட்டேன். இன்னொன்று ‘அமைதி’, ‘வேகம்’, ‘அதிவேகம்’ என்று மூன்று பட்டன் வைத்திருக்கிறது, நம்பரே இல்லை. மீட்டர் இல்லாத பேனலை வைத்துக்கொண்டு எவன் வேலை பார்ப்பான்?

மத்தியானம் கிடைத்தது அதைவிட மோசம். ஒரு பட்டனை அழுத்தினால் அதுவே வேகத்தைக் கூட்டி, அதுவே சோதித்து, அதுவே பாஸ் போட்டுக்கொள்கிறது. எங்கள் கம்பெனியில் மோட்டார் தன் ரிப்போர்ட்டைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றால் நான் எதற்கு?

சாயங்காலம் ஒன்று அமைந்தது. சாம்பல் நிறம், அலங்காரம் கிடையாது. நம்பரைத் தட்டிப் போடலாம். விநாடிக்கு விநாடி சூட்டைக் கோப்பில் எழுதி வைக்கிறது. இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பூங்கொடி டீ கொண்டுவந்தாள். தட்டில் ரெண்டு டம்ளர். ஒன்று எனக்கு. இன்னொன்றைப் பார்த்து அவளே கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு எடுத்துக் குடித்துவிட்டாள். அவள் டீ குடிக்கிறவள் இல்லை.

மே 4, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது மென்பொருளில் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தேன். கோர் 0, மெமரி 0. எந்தச் சோதனையும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்துப் போட்டேன். 0 என்று காட்டியது. சரி என்று நோட்டை எடுக்கத் திரும்பினேன்.

விசிறிச் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால் கோர் +135. மெமரி +900.

நான் எதையும் தொடவில்லை. மறுபடி பூஜ்யம், மறுபடி அணைத்துப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாக நாற்பது விநாடி. யாரோ நாற்காலியில் உட்கார்ந்து தட்டிப் போட்ட மாதிரி 135.

அந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்துகொண்டேன்.

அதே நேரம் சமையலறையிலிருந்து பூங்கொடி, “யுகி, தோசை ஆறுது பாரு, வாடா சாமி” என்றாள். விசிறிச் சத்தம் கேட்டால் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம், மூன்று வருஷப் பழக்கம். தோசையை நான் போய்ச் சாப்பிட்டேன்.

மே 7, புதன்

இன்றும் நாற்பது விநாடி. 135. மூன்று நாளாக ஷிப்டில் கவனமே இல்லை. பேய் பிசாசு என்று பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் இன்று அறைக்குள் போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போனேன்.

மே 11, ஞாயிறு

வேறு வழியில்லாமல் குழுவில் கேட்டேன். “நான் பூஜ்யம் வைத்தாலும் செட்டிங் தானாகத் திரும்பி வருகிறது. என்ன காரணமாக இருக்கும்?”

பெலிக்ஸ்: “என்னல கலெக்டருக்கு மனு எழுதுன மாதிரி எழுதுற? ரெண்டு சாஃப்ட்வேர் ஒண்ணா ஓடுதா?”

ஆமாம் என்றேன்.

“ஏல லூசு! பழசு கம்ப்யூட்டர் போட்டதும் தானா எந்திரிச்சு அதோட செட்டிங்க ஏத்துது. நாப்பது செகண்ட் கழிச்சு ஏத்தணும்னு அதுல சொல்லி வச்சிருப்ப. ரெண்டையும் ஒண்ணா ஓட்டாதீங்கடேன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானல! என்ன ஆச்சு ஒனக்கு?”

“மறந்துவிட்டேன்.” என்று எழுதினேன்.

தப்பு என்னுடையதுதான். டெஸ்டிங் டேபிளில் எப்போதும் ரெண்டு மீட்டர் மாட்டுவேன். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக் கொடுக்கும். அந்தப் புத்தியில்தான் அவனுடையதையும் திறந்து வைத்துக்கொண்டு, என்னுடையதையும் ஓட்டினேன். மீட்டர் அளக்க மட்டும் செய்யும். இது ரெண்டும் ஆளுக்கொரு கை வைத்துத் திருகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழையதில் ‘தானாக ஆரம்பி’ என்ற இடத்தில் ஒரு டிக் இருந்தது. எடுத்துவிட்டேன். அவன் சேமித்த கட்டத்தைத் தொடவில்லை. அணைத்துப் போட்டேன். நாற்பது விநாடி. ஐம்பது. ரெண்டு நிமிஷம். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? இல்லை. அஞ்சு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மே 14, புதன்

பூங்கொடி கேட்டாள். “ஏனுங்க, ரெண்டு மூணு நாளா சத்தமே காணோம். நிறுத்திப்போட்டீங்களா?”

“அது தப்பா ஓடிட்டிருந்துச்சு புள்ள. சரி பண்ணியிருக்கேன்.”

“தப்பா ஓடுனா ஓடட்டுமே. உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

அவளுக்குக் கோபம். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சட்னி இல்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தேன். காலை ஆறிலிருந்து ஏழரை வரை என் வேலை. நான் ஷிப்டுக்குப் போனதும் அவள் அந்த டிக்கை வைத்து கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.

மே 18, ஞாயிறு

பசங்கள் அஞ்சு நிமிஷம் ஓட்டிவிட்டு அடுத்த படிக்குத் தாவுகிறார்கள். எங்கள் முறை அதில்லை. கோர் பதினைந்து கூட்டு, அரை மணி ஓட்டு, சூடு ஏறுவது நின்றதும் எழுது, பிறகு அடுத்தது. அறைச் சூட்டைக் கழித்தால்தான் கார்டின் சூடு தெரியும். இந்த மே மாத வெயிலில் அவன் நம்பரையே வைத்துக்கொண்டு ஓட்டினால் எப்படி நிற்கும்?

இன்று 13,940 வந்தது. ஒரு கட்டமும் வரவில்லை, சுத்தமான ஓட்டம். ஆதாரத்துக்கு ஃபோன் வீடியோ வேண்டும், ஆரம்பத்திலிருந்து மார்க் வரை வெட்டாமல். ஃபோனைத் தாங்கியில் மாட்டி எடுத்துத்தான் வைத்திருந்தேன். பெலிக்ஸிடம் நம்பரை மட்டும் சொன்னேன்.

“போதும்ல, அனுப்பு. தேதி மாறிரும்.”

“இல்லை. இது குறைச்சல்.”

“அதான் கொறஞ்சா பரவால்லன்னு சொல்லுதம்லா! நீ எதுக்கு இப்படி அடம் புடிக்க?”

அவன் பெயரில் குறைச்சலாக ஒன்றைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மே 21, புதன்

மெமரியை +1100 வரை முறுக்கினேன். ஓட்டம் பாதியில் நின்றுபோகவில்லை, கட்டமும் வரவில்லை, ஆனால் மார்க் இறங்கிவிட்டது. குழுவில் கேட்டால், கார்டு உள்ளுக்குள் தப்புப் பண்ணிக்கொண்டே அதைத் தானே திருத்தவும் செய்யுமாம், அதில் நேரம் போகுமாம். வெளியே பார்க்கிறவனுக்கு நன்றாக ஓடுகிற மாதிரிதான் தெரியும். என்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

சூடுதான் முட்டுக்கட்டை. சிப்புக்கும் மேலே இருக்கிற அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு பசை இருக்கும், பேஸ்ட் என்பார்கள், சூட்டைக் கடத்துவதற்கு. மூன்று வருஷத்தில் அது காய்ந்திருக்கும். மாற்ற வேண்டும்.

பேஸ்ட் வீட்டில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில். பணப்பை, வண்டிச் சாவி, நொறுங்கின ஃபோன், ஒரு பேஸ்ட் ட்யூப். மார்ச் ஒன்றாம் தேதி சாயங்காலம் அதை வாங்கத்தான் காந்திபுரம் போனான். வாங்கிவிட்டுத் திரும்பும்போது சத்தி ரோட்டில் லாரி. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மே 25, ஞாயிறு

கவரைப் பிரித்தேன். ட்யூபின் மூடி சீல் உடையாமல் இருந்தது.

கார்டைக் கழற்றி, காய்ந்த பசையைத் துடைத்து, புதியதை வைத்தேன். ஒரு பட்டாணி அளவு போதும். மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை என்னுடையது. இன்று ரெண்டு தரம் அளவு தப்பி, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பூங்கொடி டார்ச் பிடித்தாள்.

“அன்னைக்கு சாயங்காலம் நீங்க ஷிப்ட் முடிஞ்சு வந்தப்ப உங்களைக் கூப்பிட்டுக் காட்டுனேன்னு அவன் சொன்னானே” என்றாள். “நான் கடைக்குப் போயிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?”

“ஒண்ணும் பேசல. பாத்தேன். நல்லாருக்குன்னு தலையாட்டிட்டு குளிக்கப் போயிட்டேன்.”

“அப்பறம் ஏன் அந்நேரத்துக்குக் கெளம்பிப் போனான்?”

ஸ்குரூ ஒன்று கீழே விழுந்துவிட்டது என்று குனிந்து தேடினேன்.

சூடு பதினொரு டிகிரி குறைந்திருக்கிறது.

மே 28, புதன்

14,391.

ரெண்டு தரம் ஓட்டிச் சரிபார்த்தேன். அறைச் சூடு 26, கார்டு 71. வீடியோவை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பெலிக்ஸ் பட்டியலை மாற்றிவிட்டான்.

“கலக்கிட்டல! மூணாவது எடம்! ஆனா வீடியோல வாயே தொறக்கலியே, வளவளன்னு பேசுவியே, கோவமா?”

“தொண்டை கட்டியிருக்கிறது.” என்று எழுதினேன்.

மூன்றாவது இடம். கம்பெனியில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள், சும்மா என்றேன். இந்த மூன்று மாதத்தில் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மே 29, வியாழன்

சாயங்காலம் பூங்கொடியைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினேன். “பாரு, உன்ற பையன் மூணாவது எடம். பேரு நிக்குது.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். மறுபடி மேலே ஏறினாள்.

“ஏனுங்க, அவன் போட்ட நம்பர் எங்க?”

“அதான் இது.”

“இதில்லீங்க. பதினாலாயிரத்து இருநூத்தி எட்டு. நான் கடையில இருந்து வரப்ப வாசல்லயே வண்டிய நிறுத்திச் சொல்லிட்டுப் போனானே. எனக்கு மறக்குமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெயருக்கு ஒரு வரிதான். அதிகமாக வந்தால் பழையது போய்விடும். குறைச்சலாக ஒன்றை அனுப்பியிருந்தால் அவனுடையது அப்படியே நின்றிருக்கும். பெலிக்ஸ் தலைபாடாக அடித்துக்கொண்டான். பதினெட்டாம் தேதியே என் கையில் 13,940 இருந்தது.

“பேரு அவனுது. இது அவன் இல்லீங்க, நீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவனுடைய மென்பொருளில் ஒரு கட்டத்தைக்கூடத் தொடாமல் இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன். உலகத்துக்குத் தெரிந்த அவன் நம்பரை நானே அழித்துவிட்டு போண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். படுபாவி.

மே 30, வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். காலை எட்டு மணிக்கு குழுவில் பெலிக்ஸிடம் ஃபோன் நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன். பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“தம்பி, நான் யுகேந்திரனோட அப்பா பேசறேன். நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல இருந்து.”

“சொல்லுங்கப்பா! யுகி இல்லியா?”

இந்த வார்த்தையை இதுவரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள். “இல்ல தம்பி. மார்ச் ஒண்ணாந்தேதி ஆக்ஸிடெண்ட். அன்னைக்கே எறந்துட்டான்.”

“அப்ப இந்த ஒரு மாசமா எங்ககூட பேசுனது?” என்றான்.

“நான்தான். அவன் பேர எடுத்துருவீங்கன்னு பயந்துட்டேன். பண்ணுனது தப்பு. திட்டு, வாங்கிக்கறேன். ஆனா அவனோட பழைய நம்பரத் திருப்பிப் போட்டுக் குடு.”

அவன் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அவன் வீடியோ என்கிட்ட இருக்குப்பா. அத வச்சு மாத்திருதேன். ஒங்களுக்கும் அனுப்புதேன். அவன் அதுல பேசிருக்கான்.” கொஞ்சம் தயங்கி, “நீங்களும் பேசிருக்கீங்க” என்றான்.

அவன் ஃபோன் அன்று படம் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்வதற்குள் வீடியோ வந்துவிட்டது. பூங்கொடி என் கையிலிருந்து ஃபோனை வாங்கி அழுத்தினாள்.

திரை, ஓடுகிற படம், அவன் குரல். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... வந்துருச்சு! பதினாலாயிரத்து இருநூத்தி எட்டு! அப்பா, இங்க வாங்க, நாலாவது எடம்ப்பா!” என் செருப்புச் சத்தம். பிறகு என் குரல்.

“நாலாவதா? அப்ப உனக்கு மேல மூணு பேர் இருக்கானுங்களே.”

அவன் சிரித்தான். “இருங்கப்பா, பேஸ்ட் மாத்துனா ஏறும். இப்பவே போய் வாங்கிட்டு வந்துடறேன்.” நாற்காலி நகர்கிற சத்தம். அதோடு முடிந்துவிட்டது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் பேசவில்லை என்று சொன்னவன் நான். பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அவன் குரலுக்காகத்தான். நாலு தரம் போட்டாள். நாலு தரமும் நான் அதையே சொன்னேன்.

பத்து மணிக்கு பெலிக்ஸ் கூப்பிட்டான். பழைய நம்பரைப் போட்டுவிட்டானாம், யுகியின் பெயருக்கு இனிமேல் யாரும் தேதி கேட்க மாட்டார்களாம், குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம். நான் நன்றி சொன்னேன். அவன் ஃபோனை வைக்கவில்லை.

“அப்பா, நீங்க போட்டது சாதாரண மார்க்கு இல்ல. அத வீணாக்க வேண்டாம். ஒங்க பேருல தனியா ஏத்தட்டுமா? மூணாவது எடத்துல நீங்க வருவீங்க. யுகி ஒரு எடம் எறங்கி அஞ்சாவதா நிப்பான், அவ்வளவுதான்.”

“வேண்டாம் தம்பி” என்றேன். “அவனுக்கு மேல இன்னொரு ஆள் வேண்டாம்.”